புலிக்குக் கோடா, புள்ளியா?

மலையாளப் பள்ளியில் படிக்கும் என் மகளின் ஒன்பதாம் வகுப்பு உயிரியல் விடைத்தாளில் ஒரு பூஜ்யம் இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில், மலையாளத்தில், 'புலிக்குப் புள்ளி. தெற்று' என்று குறிப்பு. தெற்று என்றால் தவறு. அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கேள்வி இதுதான்: உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் எதற்கு? ஒரே உயிருக்கு ஊருக்கொரு பெயர் இருப்பதால் குழப்பம் வரும் என்பது புத்தகத்தில் உள்ள பதில். அதை ஒப்பித்திருந்தால் இரண்டு மார்க். இவள் சொந்தமாக யோசித்துத் தொலைத்தாள்.

அதற்கு முந்தைய மாதம், பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் போன் செய்தார்.

"மைனி, லயத்துக்குப் பின்னால புலி எறங்கிட்டு. நாயத் தூக்கிட்டுப் போச்சு."

நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கோடு போட்ட புலி நிற்பதாக நினைத்து, இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள்தான் திரும்பக் கூப்பிட்டு, "கோடா புள்ளியா, சித்தப்பா?" என்று கேட்டாள்.

"புள்ளிதான் மோளே. கோடு போட்டது கடுவால்லா?"

மலையாளத்தில் புலி என்றால் சிறுத்தை. நம் புலி அவர்களுக்குக் கடுவா. கொழுந்தனார் பிறந்து வளர்ந்தது மலையாளம் பேசும் அந்த மலையில். அவர் வாயில் அந்தப் புலிதான் வரும்.

மகள் குதித்தாள். அதையே பரீட்சையில் மலையாளத்தில் எழுதினாள்: 'எங்கள் வீட்டில் புலிக்குக் கோடு. வகுப்பில் புலிக்குப் புள்ளி. பெயர் ஒன்று, மிருகம் இரண்டு. அதனால்தான் பாந்தெரா டைக்ரிஸ், பாந்தெரா பார்டஸ் என்று பெயர் வேண்டியிருக்கிறது.' புத்தகம் சொல்லாமல் விட்ட பாதியை ஒரு பெண் தானே கண்டுபிடித்து எழுதியிருக்கிறாள். திருத்தியவரோ முதல் வரியைத் தாண்டவே இல்லை.

நான் வேலை செய்யும் தம்பானூர் துணிக்கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். "வேண்டாம்மா, விட்டிரு. பின்ன டீச்சருக்கு என்மேலதான் கோவம் வரும்" என்று மகள் வழியெல்லாம் கெஞ்சினாள். நான் காதில் வாங்கவில்லை.

"புலிக்கு வரயில்லல்லோ சேச்சி, புள்ளியல்லே?" என்றார் டீச்சர். வர என்றால் கோடு.

"கோடு இல்லாத புலி எந்தக் காட்டுல இருக்கு டீச்சர்?"

அவர் போனை எடுத்துச் சிறுத்தைப் படம் காட்டினார். நான் என் போனில் வரிப்புலிப் படம் காட்டினேன். இரண்டு பேர் குரலும் ஏறியது. வரிசையில் நின்ற பெற்றோரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் இப்ப செய்யுறதத்தான் நான் எழுதியிருக்கேன்" என்றாள் மகள்.

டீச்சர் அப்போதுதான் அந்த விடையைக் கடைசிவரை படித்தார். எனக்கும் சுருக்கென்றது. நானும் அவள் எழுதியதை விட்டுவிட்டு, என் புலிக்காகத்தான் மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

மன்னிப்பு வரும் என்று நினைத்தேன். பூஜ்யத்தை அடித்து ஒன்று போட்டார். "பட்சே, வீட்டிலே பாஷ பரீட்சயில எழுதண்டா. கேட்டோ மோளே?"

சரியான விடைக்கு ஒரு மார்க் பிடித்தம், அதில் வீட்டுப் பேச்சு இருந்ததற்காக! அறிவியல் பெயர் வைத்ததே இந்தச் சண்டை வேண்டாம் என்றுதானே? யார் வீட்டுச் சொல்லும் தப்பில்லை என்றுதானே? அந்தப் பாடத்தை நடத்துகிறவருக்கே அது உறைக்காவிட்டால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? இன்னும் கத்தியிருப்பேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீடு திரும்பும் கரமனை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் விடைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்:

"அம்மா, இனி வீட்லயும் நாம கடுவான்னே பறயலாமா?"

சொல்லலாமா என்றுகூட அவள் கேட்கவில்லை.