தறி நின்ன அன்னிக்கு

கரண்ட் போனதுக்கு சந்தோஷப்பட்ட ஆளை நீங்க பார்த்திருக்கீங்களா? இல்லைன்னா இப்பப் பார்த்துக்குங்க. நான்தான்.

இதே பக்கத்துல மின்தடையைப் பத்தி எத்தனை தடவை புலம்பியிருக்கேன்னு உங்களுக்கே தெரியும். அத்தனையும் இந்த ஒரு வாரத்துக்கு வாபஸ்.

விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் ஒரு நாள் விடிஞ்சும் விடியாம போன். ஆனைமலையில இருந்து என் காலேஜ் சிநேகிதனோட சம்சாரம். "அண்ணா..."ன்னு ஆரம்பிக்கும்போதே குரல் உடைஞ்சிருந்துது. பொண்ணு கீர்த்தனா தினமும் போன்ல அழுவறாளாம். மாமியார் காலையில எந்திரிச்சதுல இருந்து திட்டிட்டே இருக்காங்களாம். ஒரு எட்டு போய்ப் பாருங்க, நிலைமை நெசமாவே அப்படித்தான்னா பொண்ணைக் கையோட கூட்டிட்டு வந்துருங்க — அவ்வளவுதான் சொன்னாங்க.

மாட்டேன்னு சொல்ல எனக்கு வழியில்லை. ஏன்னா அந்த மாமியார் வேற யாருமில்லைங்க. சோமனூர்ல வாக்கப்பட்டிருக்கற என் சொந்தத் தங்கச்சி சரசு. அவ பையன் பிரபுவுக்குக் கீர்த்தனாவைப் பேசி முடிச்சதே நான்தான். ஆனி மாசம் கல்யாணம். பந்தியில உக்கார்ந்து, 'எல்லாம் நான் பார்த்த சம்பந்தம்'னு பக்கத்து இலைக்காரர்கிட்ட பீத்திக்கிட்டதும் நான்தான்.

"நீங்கதான முடிச்சு வெச்சீங்க? நீங்களே போய் அவுத்துட்டு வாங்க"ன்னு சொல்லி, வெறும் காப்பியோட என்னை அனுப்பி வெச்சா எங்கூட்டுக்காரி.

சிங்காநல்லூர்ல பஸ் ஏறினேன். சூலூர் தாண்டற வரைக்கும் மனசுக்குள்ள ஒத்திகை. அம்பது தாண்டின தங்கச்சிகிட்ட 'மருமகளைத் திட்டாத'ன்னு எந்த வாயில சொல்றது? அதுவும் சரசுகிட்ட. சின்ன வயசுல எங்க வீட்டுல அவ இருக்கற இடமே தெரியாது. அவ பேசினா பக்கத்துல போய்க் காதைக் குடுத்தாத்தான் கேக்கும். அவளா திட்டறா? மாமியார் நாற்காலியில உக்கார்ந்தா எல்லாருக்கும் கொம்பு முளைச்சிருமோ?

தங்கச்சி வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன். முன்னால வீடு, பின்னால தறிக்குடோன். நடுவுல ஒரே ஒரு செவுரு. விசைத்தறி ராவும் பகலும் ஓடும். புதுசாப் போறவங்களுக்குத் தலை கிறுகிறுன்னு வந்துரும். ஆனா அந்த வீட்டுல யாரைக் கேட்டாலும் 'சத்தமா? என்ன சத்தம்?'னு திருப்பிக் கேப்பாங்க. சரசு போன் பண்ணினா நான் செல்லை ஒரு முழம் தள்ளி வெச்சுத்தான் பேசுவேன்.

கேட்டைத் திறந்ததுமே பின்கட்டுல இருந்து ஒரு குரல். "வாங்கண்ணா! சாப்டீங்களா!" அடிக்க வர்ற மாதிரி இருந்துது.

கீர்த்தனா தண்ணி கொண்டாந்தா. உதடு அசைஞ்சுது. 'வாங்க பெரியப்பா'ன்னு சொல்லியிருப்பா — யூகம்தான். அதுக்குள்ள சரசு, "பெரியப்பாவுக்குக் காப்பி வை! பால் மேடை மேல இருக்குது!"ன்னா. இவ என்னமோ பதில் சொன்னா. அங்க போய்ச் சேரலை. "வெச்சியா, இல்லியா!" இன்னும் சத்தமா. பொண்ணு முகம் சுருங்கிப் போச்சு.

காப்பி வர்ற வரைக்கும் சுத்திமுத்தும் பார்த்தேன். ரூம் கதவோரமா ஒரு டிராவல் பேக். ஜிப் எல்லாம் போட்டு ரெடியா நிக்குது.

சரசுவைத் தனியாக் கூப்பிட்டு விசாரிக்கலாம்னா... அந்த வீட்டுல ரகசியத்தைக்கூடக் கத்தித்தானே பேசணும்! 'மருமகளை ஏன் திட்டற?'ன்னு நான் கேட்டா மருமகளுக்கும் கேக்கும், எதிர்வீட்டு மருமகளுக்கும் கேக்கும். வாயை மூடிட்டு முழிச்சிட்டு உக்கார்ந்திருந்தேன்.

மணி ஒன்பது. கரண்ட் போச்சு.

மாசாமாசம் வர்ற ஷட்டவுன். பேப்பர்ல போட்டிருந்தாங்களாம், நான்தான் பார்க்கலை. இனி சாயங்காலம்தான் வரும்.

எங்க சரசு வீட்டுத் தறி மட்டுமில்லீங்க, தெருவுல இருக்கற அத்தனை தறியும் ஒரே மூச்சுல நின்னுது. காதுல அடைச்சிருந்த பஞ்சைப் பிடுங்கின மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு வீடு தள்ளி யாரோ கடுகு தாளிக்கறாங்க, அது கேக்குது. குடோன்ல தங்கச்சி வீட்டுக்காரர் பழனிச்சாமி இருமறாரு, அதுவும் கேக்குது.

"கண்ணூ! துணி காயப் போட்டியா!"

பழக்க தோஷம். சரசு கத்தினது தெருமுனை வரைக்கும் போயிடுச்சு. எதிர்வீட்டம்மா ஜன்னல்ல எட்டிப் பார்த்தாங்க. சரசுவுக்கே வெக்கமாப் போய், வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அப்புறம் மெதுவா, "துணி காயப் போட்டியா கண்ணு?"ன்னா.

கீர்த்தனா சட்டுனு திரும்பிப் பார்த்தா. யாரு பேசினதுன்னு தேடற பார்வை.

அந்தக் குரலை நானே கேட்டு வருசக்கணக்காச்சு. அப்பத்தான் இந்த மரமண்டைக்கு உறைச்சுது. இவ திட்டவே இல்லை... தறியைத் தாண்டிப் பேசியிருக்கா! ஆனைமலையில தென்னந்தோப்புக்கு நடுவுல வளர்ந்த பொண்ணுக்கு அது திட்டாத்தானே கேக்கும்?

'ஏனுங்க, ஞாயித்துக்கிழமை தறி நிக்குமே, அன்னிக்குக் கேட்டிருக்கலாமே?'ன்னு நீங்க கேப்பீங்க. நியாயம்தான். ஞாயித்துக்கிழமைன்னா புது ஜோடி வீட்டுலயா இருக்கும்? ஒவ்வொரு சொந்தக்காரங்க வீட்டுலயும் விருந்து! ஆடி மாசம் முழுக்கப் பொண்ணு அம்மா வீட்டுல, போன ஷட்டவுன் அதுலயே போயிடுச்சு. பிரபு திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போனா, பொழுது சாஞ்சுதான் வருவான். அட, சம்பந்தம் பேசறப்ப வீடு பார்க்கப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்ததுகூட ஒரு ஞாயித்துக்கிழமைதான். 'எவ்வளவு அமைதியான வீடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நானும் தலையாட்டினேன்!

மத்தியானத்துக்கு முருங்கைக்கீரை. மாமியாரும் மருமகளும் முறத்தை நடுவுல வெச்சு உக்கார்ந்தாங்க. கீரை ஆயறது பேச்சுக்குன்னே ஏற்பட்ட வேலை. நான் கூடத்துல பேப்பரை விரிச்சுக்கிட்டேன். ஒரு வரி படிச்சிருந்தா கேளுங்க.

முறத்துல பாதிக் கீரை ஆய்ஞ்சாச்சு. அப்புறம் சரசுதான் ஆரம்பிச்சா.

"ஏங்கண்ணு... எங்கூடப் பேசறதுக்கு உனக்குப் புடிக்கலியா? என்ன கேட்டாலும் வாயே தொறக்க மாட்டேங்கற. இந்த ஊடு உனக்கு ஆகலியோன்னு தினமும் மாமாகிட்டச் சொல்லிப் பொலம்பிட்டிருக்கேன்."

கீர்த்தனா கையில இருந்த கொழுந்தைக் கீழ வெச்சா. "பேசறேனுங்களே அத்தை. நீங்கதான் எப்பவும் திட்டிட்டே இருக்கீங்க..."

"நானா? எப்பத் திட்டினேன்?"

"தினமும் காலைல... காப்பி குடிச்சியா, காப்பி குடிச்சியான்னு. நானும் குடிச்சேன்னு சொல்லுவேன். நீங்க இன்னும் கோவமாத் திரும்பக் கேப்பீங்க."

சரசு முறத்தைத் தள்ளி வெச்சுட்டு அவ கிட்ட நகர்ந்து உக்கார்ந்தா.

"காப்பி குடிச்சியான்னு கேக்கறது திட்டறதா சாமி? நீ சொன்னது எனக்குக் கேக்கலை கண்ணு. கேக்கவே இல்லை."

அவ்வளவுதாங்க. ரெண்டு பேரும் அழுதாங்க, நடுவுலயே சிரிச்சாங்க. நான் பேப்பரை மூஞ்சிக்கு நேராப் பிடிச்சுக்கிட்டேன். தலைகீழாப் பிடிச்சிருந்தேன்னு அப்புறம் பழனிச்சாமி சொன்னாரு.

அவர் கதை தனி. சாப்பிட்டுட்டுப் படுத்தவரு, புரண்டு புரண்டு படுத்துட்டு எந்திரிச்சு வந்துட்டாரு. "சத்தமே இல்லாம மனுசன் எப்படிங்க மச்சான் தூங்கறது?"ன்னு என்னையே கேக்கறாரு!

மத்தியானம் பூரா சரசு வீட்டுல பாடம் நடந்துது. தறிக்காரங்களுக்குன்னு ஒரு கை பாஷை இருக்குதுங்க. கட்டைவிரலை வாய்கிட்டக் கொண்டு போனா தண்ணி. கன்னத்துல கை வெச்சா தூக்கம். காத்துல டம்ளரைப் பிடிச்சு ஆட்டினா காப்பி. வெறும் உள்ளங்கையை விரிச்சா 'இன்னும் இல்லை'. அந்த வீட்டுல பொறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், வந்த பொண்ணுக்குச் சொல்லித் தரணும்னு ஒருத்தருக்கும் தோணலை பாருங்க. கீர்த்தனா சீக்கிரமே கத்துக்கிட்டு, மாமனார் கொட்டாவி விடறதுக்கும் ஒரு சைகை புதுசாக் கண்டுபிடிச்சா. அவர் முறைச்சாரு. மாமியாரும் மருமகளும் ஒண்ணாச் சேர்ந்து சிரிச்சாங்க.

கிளம்பற நேரம் வந்துது. நான் மெதுவா அந்த பேக்கைக் கண்ணால காட்டினேன். "என்ன கண்ணு, போலாமா?"

அவ அதைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. "அது இருக்கட்டுங்க பெரியப்பா. ஞாயித்துக்கிழமை பவானிக்கு விருந்துக்குப் போறோம். அதுக்கு வேணும்."

எனக்குப் போன உசுரு திரும்பி வந்துது. ஆனா முழுசா வரலை. கரண்ட் வந்தப்புறம் என்ன ஆகும்? பழைய கதைதானா?

அஞ்சு மணி வாக்குல லைட் எரிஞ்சுது. குடோன்ல முதல் தறி சடக்குனுது. அடுத்தது... அதுக்கடுத்தது... தெருவே ஓட ஆரம்பிச்சுது. நான் செருப்பை மாட்டாம நின்னுட்டேன். சரசு பின்கட்டுல இருந்து வழக்கம் போல,

"கண்ணூ! காப்பி குடிச்சியா!"

கீர்த்தனா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தா. அந்த மெல்லிசான தொண்டைக்குள்ள அப்படி ஒரு சத்தம் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லீங்க.

"குடிச்சேனுங்கத்தை! நீங்க குடிச்சீங்களா!"

சரசு அப்படியே நின்னுட்டா. இத்தனை வருசமா அந்த வீட்டுல எல்லாருக்கும் காப்பி ஆத்திக் குடுத்தவ. அவளைப் பார்த்து இந்தக் கேள்வியை யாரு கேட்டிருக்காங்க? அண்ணன்காரன் நானே கேட்டதில்லை. உள்ளங்கையை மட்டும் விரிச்சுக் காட்டினா.

கீர்த்தனா காத்துல ஒரு டம்ளரை ஆட்டிக் காட்டிட்டு அடுப்படிக்குள்ள போனா. சொல்லாமக் கொள்ளாம கிளம்பி வந்து பஸ் ஏறிட்டேன்.

பஸ்ல உக்கார்ந்து யோசிச்சேன். எங்க வீட்டுல தறி கிடையாது. ஆனா டிவி ஓடுது, மிக்ஸி ஓடுது, ஆளுக்கொரு செல்போன் ஓடுது. 'சாப்டீங்களா'ன்னு எங்கூட்டுக்காரி தினமும் கேக்கறா. நான் 'உம்'னு ஒரு சத்தம் குடுப்பேன். அது எனக்கே கேக்காது, அவளுக்கு எங்க கேக்கும்? பெரிய சந்தோஷம் எப்பவோ வரும்னு காத்துட்டிருக்கோம். வர்றப்ப வரட்டும். அது வரைக்கும் ஒரு டம்ளர் காப்பியை யாராவது விசாரிக்கறாங்களா, அது நம்ம காதுல விழுதா... நான் பார்த்த வரைக்கும் வாழ்க்கை பெரும்பாலும் அதுக்குள்ளயே அடங்கிடுது.

வீட்டுக்கு வந்ததும் செல்லைக் கவுத்து வெச்சுட்டு, "நீ சாப்ட்டியா?"ன்னு கேட்டேன். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு நெத்தியில கை வெச்சுப் பார்த்தா. போகட்டும், நெத்தியில கை பட்டதும் லாபம்தான்.

ஆனைமலைக்கு அன்னிக்கே போன் போட்டு, எல்லாம் நல்லாருக்குதுன்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு நம்பிக்கை வரலை. மறுநாள் காலையில அவங்களே திரும்பக் கூப்பிட்டாங்க. குரல்ல பழைய நடுக்கம்.

"அண்ணா, நீங்க நல்லாருக்குதுன்னீங்க... இப்பப் பொண்ணும் போன்ல கத்திக் கத்திப் பேசறாளுங்க. ரெண்டு பேருக்கும் பெரிய சண்டைங்களா?"

"சண்டையெல்லாம் இல்லீங்கம்மா. உங்க பொண்ணு இப்பத்தான் குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிருக்கா"ன்னேன்.