ஒரேஞ் கட்டைக்கு அந்தப் பக்கம்

நீக்கிலாஸுக்கு வருத்தம் வலது கையில்தான். சீனி இல்லை, பிரஷர் இல்லை. யாராவது ஒரு சொல்லுப் பிழையாகக் கதைத்தால், மூளை யோசித்து முடிக்க முன்னம் கை போய் அடித்துவிட்டு வந்துவிடும். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஒரே அறைக்குள் ஏழு பேர் படுத்த காலத்தில் அவனுடைய தலையணையை எடுத்தவனுக்கு இரண்டு பல்லுப் போனது. பிறகு ஸ்காபரோவில் எங்கள் பெடியள் கோஷ்டி பிரிந்து, வாளும் பேஸ்போல் மட்டையுமாகத் திரிந்த காலம். அந்த நாலு வருடத்தில் நீக்கிலாஸ் உடைத்தது மூன்று தாடை, ஒரு முழங்கால். அவனுடைய மூக்கு இரண்டு தரம் உடைந்தது. கடைசித் தாடை யோசப் என்பவனுடையது. அதற்குப் பதினாலு மாதம் மறியல், சிறைக்குள்.

வெளியே வந்தபோது மனைவி மகளையும் கொண்டு போய்விட்டாள். அவள்மேல் அவன் ஒருநாளும் கை வைத்ததில்லை. சுவருக்குத்தான் அடித்தான். "இண்டைக்குச் சுவர், நாளைக்கு ஆர்?" என்று கேட்டாள். கேட்டதில் பிழையில்லை.

மறியலால் வந்தவனுக்கு ஒருத்தரும் வேலை கொடுக்கவில்லை. ஒரு சேர்ச் கொடுத்தது. சேர்ச்சுக்குப் பக்கத்தில், அதே வளவுக்குள் ஒரு செங்கல் கட்டிடம். சமூக நிலையம் என்று பலகை, சனத்தின் வாயில் ஹோல். வெள்ளிக்கிழமை மத்தியானம் வயதானவர்களுக்குச் சாப்பாடு, பின்னேரம் கரம் விளையாட்டு, சனிக்கிழமை யாருக்காவது பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமை செத்த யாருக்காவது அந்தியேட்டிச் சாப்பாடு. சைவக்காரர், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் என்று பார்ப்பது அங்கே இல்லை. நீக்கிலாஸ் பத்தொன்பது வருடம் அந்த இடத்தைக் கூட்டினான், மேசை தூக்கினான், நடக்க ஏலாத கிழவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். அவன் பிடிக்கும்போது பயப்படாத ஆட்கள் உலகத்தில் அந்தக் கிழவர்கள் மட்டும்தான். ஹோல் போனால், தான் திரும்ப யாராகப் போவான் என்று அவனுக்குத் தெரியும்.

போன மார்கழியில் சேர்ச்சின் சொத்துக் கொமிற்றி ஹோலை விற்க வெளிக்கிட்டது. கேட்டு வந்தவர்கள் கொண்டோ மாடிவீடு கட்டுகிறவர்கள். அவர்களுக்காக ஓடித்திரிந்த ஏஜென்ற் யோசப். ஓம், அதே யோசப். தாடை பொருந்திவிட்டது, கோட்டும் கழுத்தில் ரையும் வந்துவிட்டது, கதைக்கும்போது மட்டும் வாய் இடப்பக்கம் இழுக்கும்.

விற்பதென்றால் சபையார் வாக்குப் போட வேண்டும். மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு குறித்தார்கள். சபையில் பாதிப்பேரின் தாய் தகப்பன் ஹோலில்தான் சாப்பிடுகிறார்கள். வாக்கு நடந்தால் ஹோல் தப்பும். அதற்குள் இன்சூரன்ஸ்காரனின் கடிதம் வந்தது. போதகர் கிளடிஸ் நீக்கிலாஸைக் கூப்பிட்டு இருத்தி வாசித்தார்.

"வருசத்துக்குள்ளை ரண்டு சம்பவம் எண்டு போட்டிருக்கிறான். ரண்டும் நீர்தான், நீக்கிலாஸ்."

இரண்டும் அவன்தான். ஒரு பிறந்தநாளில் சமைக்க வந்த பெண்ணின் கையைப் பிடித்திழுத்த குடி வெறிகாரனை வாசல் கண்ணாடியோடு சேர்த்து வெளியே எறிந்தது ஒன்று. பார்க்கிங்கில் ஒரு கிழவரைத் தள்ளி விழுத்தியவனின் தலையை அவனுடைய கார்க் கதவிலேயே மோதியது மற்றது.

"மூண்டாவது நடந்தால் இன்சூரன்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் இல்லாட்டி அண்டைக்கே பூட்டோணும். பூட்டின கட்டிடத்தைக் கொமிற்றி வாக்கில்லாமலே விக்கலாம், சட்டத்திலை அப்பிடித்தான் இருக்கு. வளவுக்குள்ளை அடிபாடு எண்டு பொலிஸ் எழுதினாலே போதும். நீர் அடிச்சாலும் சரி, அடி வாங்கினாலும் சரி."

"அடி வாங்கினாலுமோ?"

"ஓம்."

"அப்ப மற்றக் கன்னத்தைக் காட்டினாலும் சம்பவமோ, பாஸ்டர்?"

கிளடிஸ் சிரிக்கவில்லை. நீக்கிலாஸ் எழும்பி யன்னலடிக்குப் போனான்.

"வளவு எண்டால் எதுமட்டும்?"

அவர் யன்னலால் காட்டினார். விற்பனைக்காக நில அளவைக்காரர் வந்து, தெருவோரச் சைட்வோக் தொடங்கும் இடத்தில் உறைந்த நிலத்துக்குள் கட்டை இறுக்கி, ஒரேஞ் நாடா கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். "உந்தக் கட்டை மட்டுக்கும் எங்கடை. அங்காலை சிற்றியின்ரை."

வாக்குக்கு இரண்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை, நேரம் பன்னிரண்டரை. விடிய விடியக் கொட்டிய ஸ்நோவில் வளவு முழங்கால் மட்டம் வெள்ளை. உள்ளே கிழவர்கள் சோற்றில் கை வைத்திருந்தார்கள். நீக்கிலாஸ் வாசலடியில் மடக்குக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கதவு திறந்தது. யோசப்.

"என்னடா தும்புத்தடி, கூட்டி முடிஞ்சுதோ? சுகமோ?"

நீக்கிலாஸ் வலது கையை எடுத்துப் பொக்கற்றுக்குள் விட்டான். "வெளியிலை கதைப்பம்."

"ஏன், குளிருக்கை? உள்ளுக்கை கதைச்சால் என்ன?" யோசப் கையுறையைக் கழற்றினான். "உன்ரை மோள் ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு பாக்கிறாள், தெரியுமோ? நான்தான் காட்டினனான். தகப்பன் எங்கை பிள்ளை எண்டு கேட்டன். செத்திட்டார் எண்டாள். முகத்திலை ஒரு கவலையும் இல்லை."

பொக்கற்றுக்குள் கை முறுகியது. தையல் இரண்டு இழை அறுந்தது.

"சொல்லட்டும். வெளியிலை வா."

"அடியன்ரா. அடிக்க ஏலாதோ? இன்சூரன்ஸ் கடிதத்தைக் கொமிற்றி எனக்கும் காட்டினது. அப்ப நான் அடிக்கிறன்."

அடுக்கில் மேலே கிடந்த கதிரையை யோசப் எடுத்துச் சுழற்றினான். இரும்பு விளிம்பு தாடையில் விழுந்த சத்தம் சாப்பாட்டு மேசை வரைக்கும் கேட்டது. நீக்கிலாஸ் சுவரில் மோதி, முழங்காலில் விழுந்து, ஒரு பல்லைத் துப்பினான். சாப்பாட்டுக்குப் பொறுப்பான கமலாம்பிகை அகப்பையோடு ஓடி வந்தார்.

"ஐயோ, கொல்லுறான்! பொலிசுக்குப் போன் எடுங்கோ!"

"எடாதேங்கோ அன்ரி!" வாய் நிறைய இரத்தத்தோடு நீக்கிலாஸ் கத்தினான். "ஒருத்தரும் எடாதேங்கோ!"

"நான் எடுக்கிறன்," என்று யோசப் போனை எடுத்தான்.

அப்போதுதான் கை பொக்கற்றை விட்டு வந்தது. அடிக்கவில்லை. போன் பிடித்த மணிக்கட்டை ஒன்று பிடித்தது, ரையை மற்றது பிடித்தது. பிடித்தபடி நீக்கிலாஸ் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினான்.

வாசலிலிருந்து கட்டைக்கு நாற்பது அடி இருக்கும். யோசப் பேயாய் அடித்தான். சும்மா இருந்த கையால் கண்ணுக்குக் குத்தினான். புருவம் வெடித்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. முழங்காலால் வயிற்றில் ஏற்றினான். நீக்கிலாஸ் வாந்தி எடுத்துக்கொண்டே இழுத்தான். படியில் சறுக்கி மல்லாக்க விழுந்தபோதும் ரையை விடவில்லை. யோசப் சப்பாத்தால் விலாவில் உதைத்தான். ஒருதரம், இருதரம், மூன்றாம் தரம் உள்ளே ஏதோ முறிந்தது. நீக்கிலாஸ் ஸ்நோவுக்குள் மாடு மாதிரி முக்கி எழும்பினான். அவன் போன வழி முழுக்கச் சிவப்பாய்க் கிடந்தது. மூக்கில் ஒன்று. காதில் ஒன்று. போன் எங்கோ விழுந்து புதைந்தது.

"விடடா நாயே! எங்கை இழுக்கிறாய்?"

"இன்னுங் கொஞ்சம்தான்," என்றான் நீக்கிலாஸ்.

ஒரேஞ் நாடா காலில் உரசியது. நீக்கிலாஸ் தெரிந்த ஒரு கண்ணால் கீழே பார்த்தான். தன்னுடைய சப்பாத்து இரண்டு, யோசப்புடையது இரண்டு. நாலும் சிற்றியின் சீமெந்தில் நின்றன.

ரையை விட்டான்.

முதல் அடி மூக்குக்கு. முட்டைக் கோது நொறுங்குகிற மாதிரிப் போனது. இரண்டாவது அந்தப் பழைய தாடைக்கு. தாடையும் நீக்கிலாஸின் விரல் எலும்பும் ஒரே சத்தத்தில் உடைந்தன. யோசப் பஸ் தரிப்புக் கண்ணாடியில் முதுகு தேய்த்துக்கொண்டு இறங்கி நிலத்தில் குந்தினான். அதோடு விட்டிருக்கலாம். நீக்கிலாஸ் விடவில்லை. உடைந்த கையாலேயே மூன்றாவதை இறக்கினான், நாலாவதையும் இறக்கினான். பஸ்ஸுக்கு நின்ற நாலு பேரும் நாலு போனில் பொலிசைக் கூப்பிட்டார்கள். பஸ் தரிப்பில் அடிபாடு என்று நாலு பேரும் சொன்னார்கள்.

பொலிஸ் வர பத்து நிமிடம் எடுத்தது. யோசப் கிழிந்த வாயால், உள்ளேதான் தொடங்கியது என்று கையைக் காட்டினான். பொலிஸ்காரன், அப்படியென்றால் உள்ளே தொடக்கியது யார் என்று கேட்டான். யோசப் வாயை மூடினான். ஆனாலும் பொலிஸ்காரன் ஹோல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

வாசலிலிருந்து கட்டை மட்டும் கறுத்தத் தார் தெரிந்தது. ஸ்நோ இல்லை, ஒரு துளி சிவப்பு இல்லை, திரும்ப உறையாமல் உப்புக்கூட எறிந்தாயிற்று. இரு கரையிலும் ஒன்பது கிழவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஸ்நோ அள்ளுகிற சவல் நாலு பேரிடம். மற்றவர்களிடம் சட்டி மூடி, குப்பை அள்ளி. எண்பத்திரண்டு வயது இராஜரட்ணம் கரம் போர்ட்டையே கொண்டுவந்து தள்ளியிருந்தார். பத்தொன்பது வருடத்தில் ஸ்நோ வழிக்க ஒருத்தர் கை கொடுத்தது கிடையாது.

"எக்ஸர்சைஸ், சேர்," என்றார் கமலாம்பிகை பொலிஸ்காரனுக்கு. "டொக்டர் சொன்னவர். டெய்லி."

பொலிஸ்காரன் அகப்பையைப் பார்த்தான், கரம் போர்ட்டைப் பார்த்தான். பிறகு குனிந்து எழுதினான். இடம்: பஸ் தரிப்பு, பொதுச் சைட்வோக்.

நீக்கிலாஸுக்கு விலங்கு போட்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழக்குக்கு வருவேன் என்று கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு கழற்றினார்கள். வழக்கு சித்திரையில். திங்கட்கிழமை கிளடிஸும் கமலாம்பிகையும் வந்தபோது அவனுடைய தாடை கம்பியால் கட்டியிருந்தது. ஒரு கண் திறக்கவில்லை. முகம் கத்தரிக்காய் நிறம்.

"விக்கக் கூடாது எண்டு அறுபத்தொரு வாக்கு. விக்கச் சொல்லி இருபத்திரண்டு," என்றார் கிளடிஸ்.

நீக்கிலாஸ் திறந்த கண்ணை மூடித் திறந்தான்.

"இன்னொண்டும் இருக்கு." கிளடிஸ் கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அடிபாட்டு வழக்கு இருக்கிற ஆளை வேலைக்கு வைச்சிருக்க இன்சூரன்ஸ்காரன் விடான். நான் கேட்டுப் பாத்திட்டன். வேலை இல்லை, நீக்கிலாஸ்."

நீக்கிலாஸ் இடது கையால் காகிதம் கேட்டு, சின்னப் பிள்ளை எழுத்தில் எழுதினான். 'சாப்பிட வரலாமோ?'

கிளடிஸ் காகிதத்தை எடுத்து வாசித்தார். "அது... அறுபது வயசுக்கு மேற்பட்ட ஆக்களுக்குத்தானே. உமக்கு ஐம்பத்தாறு."

கமலாம்பிகை காகிதத்தை வாங்கி வாசித்தார். கட்டிலுக்குக் கிட்ட வந்து, குனிந்து, அந்த முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"உந்த மூஞ்சைக்கு எழுபது சொல்லலாம்," என்றார். "வெள்ளிக்கிழமை வா. கஞ்சி வைக்கிறன்."