அத்தை சேர்த்துவைத்த ஐந்நூறுகள்

என் மாமியாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவருடைய தகரப் பெட்டியை நானும் என் கணவரும் திறந்தோம். புடவைகளைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் திறந்தோம். அடியில் ஒரு தலையணை உறை முடிச்சுப் போட்டுக் கிடந்தது. அதற்குள் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் கொஞ்சம் இருந்தன. கூடவே, ரப்பர் பேண்டு இற்றுப்போய் ஒட்டிக்கொண்டிருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டுக் கட்டு. எல்லாம் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பழைய நோட்டுகள்.

வெள்ளிக் காசுகள் அத்தைக்குப் பிறந்த வீட்டில் போட்டது என்று எங்களுக்குத் தெரியும். நோட்டுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

என் கணவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கே கேட்டேனே," என்றார்.

கேட்டது உண்மைதான். நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது நான் வடக்குப்பட்டுக்கு மருமகளாக வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரகடத்தில் வங்கி வரிசை ரோடு வரைக்கும் நின்றது. அவர் லீவு போட்டுவிட்டுப் போய் நிற்கக் கிளம்பும்போது, கூடத்தில் வைத்து எல்லோரிடமும் கேட்டார். மாமா தன்னிடம் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். அத்தை மட்டும், "என்னாண்ட இன்னா கீது? பால் காசு தவுட்டுக்கே போயிடுது," என்று சொல்லிக்கொண்டே மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். நாங்கள் நம்பினோம்.

விஷயம் பக்கத்து வீட்டு அக்காவால்தான் தெரியவந்தது. அத்தையோடு சேர்ந்து பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர். பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தவர் கட்டைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"இத இன்னும் வச்சிருந்தாளா? பாப்பாவுக்கு வளையல் வாங்கணும்னு சேத்தது."

பாப்பா என்பது என் நாத்தனார். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே, கம்பெனி பஸ்ஸில் பழகிய ஒருவரைக் கட்டிக்கொண்டு படப்பைக்குப் போய்விட்டவள். அவர்கள் கிறிஸ்தவர்கள். மாமா அவள் பேரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் முகம் எப்படியிருக்கும் என்றுகூட எனக்கு வெகுநாள் தெரியாது.

"என் கணக்குல போட்டுத் தரேன்னு சொன்னேம்மா," என்றார் அந்த அக்கா. "எங்க வூட்டுக்காரரு டீக்கடையில வாய விட்டுட்டா உன் மாமனாருக்குத் தெரிஞ்சிடும்னு சொல்லிட்டா. உன் மாமனாரு போனப்புறமாவது பாப்பாகிட்ட சொல்லுன்னேன். செல்லாத காசக் காட்டி இன்னா சொல்றதுன்னு கேட்டா."

எனக்குச் சம்பளம் போடுகிற வங்கிக் கணக்கு அப்போதே இருந்தது. அத்தை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாமல் மாற்றிக் கொடுத்திருப்பேன். ஆனால் வந்து சில மாதமே ஆன மருமகளை எந்த மாமியார் நம்புவார்? இன்னும் ஒரு வருடம் கழித்து அந்த அறிவிப்பு வந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாரோ என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

என் கணவர் ஒரே ஒரு நோட்டை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போய் விசாரித்தார். இனி எங்கேயும் மாற்ற முடியாது, பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பதே தப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நாத்தனார் ஷேர் ஆட்டோவில் வந்தாள். மாமா இறந்ததிலிருந்து அவள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். வரும்போதெல்லாம் அத்தை அவளை எதிரில் உட்காரவைத்துத் தலை சீவிவிடுவார். பணத்தைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

நாங்கள் பாயில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, அக்கா சொன்னதைச் சொன்னோம். அவள் வெள்ளிக் காசுகளைத் தொடவில்லை. நோட்டுக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, எனக்கு ரெண்டு புள்ள பொறந்தும் அம்மா ஒரு குந்துமணி தங்கம் போடலன்னு எங்க வூட்டுக்காரருகிட்ட எத்தினி வாட்டி அழுதிருக்கேன் தெரியுமா? பொங்கலுக்கு வந்தப்போ அம்மாகிட்டயே சொல்லிக் காட்டிட்டேன்."

"அதுக்கு அத்தை இன்னா சொன்னாங்க?"

"வெயில்ல வந்திருக்கியேன்னு மோர் கலக்கிக் குடுத்தாங்க."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அவளோடு உட்கார்ந்து அழுதேன்.

வெள்ளிக் காசுகள் முழுவதும் அவளுக்கே என்று என் கணவர் சொன்னார். பாதியை எங்கள் மகளுக்கென்று எடுத்து வைத்துவிட்டாள். படப்பையில் பழைய காசு வாங்குகிறவர் இருக்கிறார், வெள்ளி விலைக்கு மேலேயே கொடுப்பார் என்று யாரோ சொன்னார்கள். இதுவரை நாங்களும் போகவில்லை, அவளும் போகவில்லை. நோட்டுகளில் நாலைந்தை உருவி கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மிச்சத்தை மறுநாள் காலை என் கணவர் வீட்டுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார். கட்டாக இருந்ததால் சீக்கிரம் பற்றவில்லை. குச்சியால் பிரித்துப் பிரித்து விட வேண்டியிருந்தது.

"அப்பா எதிர்ல கேக்காம இருந்திருக்கலாம்," என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

அன்று எனக்கு மதிய ஷிஃப்ட். அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, யூனிஃபார்ம் மாற்ற உள்ளே போனேன்.