கொடியேற்றும் நாளில் பிறந்தவள்

எங்கள் பக்கத்தில் இங்கிலீஷ் தேதி யாருக்கும் நினைவில் நிற்காது. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அமாவாசை தெரியும், பௌர்ணமி தெரியும், மழை எப்போது இறங்கும் என்று ஒரு குத்துமதிப்பு தெரியும். பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டால், "அந்தப் பெரிய புயல் அடிச்சுதே, அதுக்கு முந்தின கார்த்திகை" என்பார்கள். அதற்குமேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் சின்னப் பிள்ளை முதல் கிழம் வரை எல்லோருக்கும் தெரிந்த ஒரே தேதி ஆகஸ்ட் பதினைந்து. என் மகள் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் பிறந்து தொலைத்தாள்.

எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை, தேதியின்மேல். ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ பிறந்திருந்தால் ஊர் இரண்டு வருஷத்தில் மறந்திருக்கும். வருஷா வருஷம் கொடியை ஏற்றி, மிட்டாயும் கொடுத்து ஞாபகப்படுத்தினால் யார்தான் மறப்பார்கள்?

அது சுதந்திரத்தின் வெள்ளிவிழா வருஷம். என் கணவர் உப்பளத்தில் மேஸ்திரி. அவருடைய தம்பிக்கும் அதே அளத்தில் வேலை. தம்பிக்கு அந்தத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. தம்பியின் மனைவியும் நானும் ஓரகத்திகள் என்ற பேருக்குக்கூட இன்னும் ஒரு சண்டை போட்டிருக்கவில்லை. அவள் என்னைவிடச் சின்னவள், "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே திரிவாள். எனக்குக் கால் வீங்கியிருந்த அந்த ஆடி மாதம் முழுக்கத் தண்ணீர்க் குடத்தை அவள் ஒருத்திதான் சுமந்தாள்.

அந்த ஆகஸ்ட் பதினைந்து காலையிலேயே எனக்கு வலி கண்டுவிட்டது. உப்பு ஏற்றிக்கொண்டு கிளம்பிய லாரியை நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, என் கணவர் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். சாயங்காலம் இங்கே மரக்காணத்தில் மேகம் கட்டியது. வாரிக் குவித்த உப்பின்மேல் ஓலை போட்டு மூடாவிட்டால் ஒரே மழையில் கரைந்துவிடும். மேகத்தைப் பார்த்ததும் முதலில் ஓடவேண்டியவர் மேஸ்திரி. மேஸ்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அதனால் தம்பி ஓடினார். லீவு நாள் என்று ஆட்கள் பாதிப் பேர் சினிமாவுக்குப் போயிருந்தார்கள். உப்பளம் பொட்டல் வெளி, ஒரு மரம் கிடையாது. நிற்கிற மனுஷன்தான் அங்கே உயரம். குவியல்மேல் ஏறி ஓலையை இழுத்துக்கொண்டிருந்தவர்மேல் இடி விழுந்தது. விளக்கு வைக்கிற நேரம். கொஞ்சம் முன்னே பின்னே அதே நேரத்துக்குத்தான் என் மகளும் பிறந்தாள்.

பிறந்த தீட்டும் இறந்த தீட்டும் ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் வந்தன. சாவு வீட்டுக்குப் பச்சைக் குழந்தையைக் கொண்டுவரக் கூடாது என்று என்னை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. அதற்குள் ஊர் என் மகளுக்கு ஒரு பட்டம் கட்டியிருந்தது. சித்தப்பனை முழுங்கிட்டுப் பொறந்தவ.

அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போது ஒருத்தி அதை என் காதுபடவே சொன்னாள். எனக்கு வாய் நீளம் என்று புகுந்த வீட்டில் ஏற்கெனவே பெயர். "உங்க மாமியா செத்த அன்னிக்கு உங்க வூட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சே, அதுங்க யார முழுங்கிச்சு?" என்று கேட்டேன். அதற்கப்புறம் என் முன்னால் யாரும் சொல்லவில்லை. பின்னால் சொல்வதை நிறுத்த எந்த வாயால் முடியும்?

என் ஓரகத்தி அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. அவள் தாய்வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. நான் குழந்தையோடு வந்து இறங்கிய அன்றே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அவள், சோறு ஊட்டுவது அவள், தலை வாருவது அவள். என் மகள் தூங்கியதுகூட அவள் பக்கத்தில்தான். பெற்றவள் நான் சும்மா பால் கொடுக்க வைத்த ஆள் மாதிரி இருந்தேன். பொறாமையாகக்கூட இருந்தது, சொல்வதற்கென்ன.

ஆனால் அந்த ஒரு நாள் வந்தால் எல்லாம் மாறிவிடும். ஆகஸ்ட் பதினைந்து காலையில் பின்கட்டு அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். சாப்பிட மாட்டாள், பேச மாட்டாள். குழந்தை தவழ்ந்து போய் மடியைப் பிடித்தால் சூடு பட்டதுபோலக் கையை இழுத்துக்கொள்வாள். என் கணவரோ அன்று பொழுது விடியுமுன்பே அளத்துக்குப் போய்விடுவார், லீவு என்றாலும். இருட்டிய பிறகுதான் வருவார். தம்பி அவருக்குப் பதிலாகப் போனார் என்பதை அந்த வீட்டில் ஒருவர்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் முதலில் சொல்வது?

மகளுக்கு மூன்று வயது நிரம்பிய அன்று, "சித்திக்குக் காய்ச்சலாம்மா?" என்று கேட்டாள். தலைவலி என்றேன். அன்றுதான் பக்கத்து வீட்டு ரேடியோவில் இன்னொரு சேதி வந்தது. பக்கத்து நாட்டுத் தலைவரை அவர் வீட்டுக்குள்ளேயே பெண்டு பிள்ளைகளோடு சுட்டுவிட்டார்கள் என்று. கேட்டவர்கள் எல்லாம் அரசியல் பேசினார்கள். எனக்கு வேறு கவலை. அந்த ஊரிலும் எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் இன்று ஒரு பெண் குழந்தை பிறந்திருக்குமே, அதை என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறார்களோ என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் எனக்குப் பொறுமை போய்விட்டது. எங்களில் தெவசம் கொடுப்பது திதி பார்த்து. திதி ஒவ்வொரு வருஷமும் நகரும். அந்த வருஷம் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்பே வந்துவிட்டது. அவளே விழுந்து விழுந்து சமைத்தாள், படையல் போட்டாள், காக்காய்க்குச் சோறு வைத்தாள், மறுநாளே என் மகளோடு பல்லாங்குழி ஆடினாள். அப்புறமும் பதினைந்தாம் தேதி சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் எனக்கு எப்படி இருக்கும்? நேரே போய்க் கேட்டேன்.

"தெவசம் குடுத்தாச்சு, காக்காய்க்குச் சோறும் வச்சாச்சு. அதான் அவரு நாளு. இன்னிக்கு இன்னா கணக்கு? வெள்ளக்காரன் தேதிக்கு ஒரு தடவ, நம்ம திதிக்கு ஒரு தடவயா? என் பொண்ணு ஒரே ஒரு தடவதான பொறந்தா?"

அவள் திரும்பவில்லை. சுவரிடம்தான் சொன்னாள்.

"திதி அய்யிரு சொல்ற நாளுக்கா. எனக்கு அதெல்லாம் தெரியாது. அன்னிக்குக் காலையில கொடியேத்தற எடத்துக்குப் போயிட்டு வந்தாரு. சட்டையில காயிதக் கொடி குத்தியிருந்துச்சு. மிட்டாய என் கையில குடுத்துட்டு, நீ துன்னு, எனக்கு வேணான்னாரு. சாயங்காலம் அந்தச் சட்டையோடதான் தூக்கியாந்து போட்டாங்க. பள்ளிக்கூடத்துல அந்தக் கொடிப் பாட்டு கேட்டுச்சுன்னா எனக்கு அது அந்த நாளுதான்க்கா. நான் இன்னா பண்றது?"

நான் யோசித்து யோசித்துச் சேர்த்து வைத்திருந்த நியாயம் எல்லாம் அதோடு சரி. எழுந்து வந்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை ஒரு காரணமும் இல்லாமல் கிளறிக்கொண்டு நின்றேன்.

மறு வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். அப்போதெல்லாம் பிறந்த தேதி தெரியாத பிள்ளைகள்தான் அதிகம். தலைக்குமேல் கையை வளைத்துப் போட்டு எதிர்க்காதைத் தொட்டால் ஐந்து வயசு. அதற்கேற்ற மாதிரி ஹெட்மாஸ்டரே ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுக்கொள்வார். அந்த ஊரில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். என் மகளின் விரல் காதை எட்டியும் எட்டாமலும் இருந்தது.

"அவளுக்கும் ஜூன் மாசமே ஏதாவது ஒண்ணு போட்டுக்குங்க சார்" என்றேன்.

"பொறந்த தேதி தெரியாதாம்மா?"

பொய் சொல்லலாம் என்றுதான் போனேன். அதற்குள் என் மகள் முந்திக்கொண்டு, "கொடியேத்தற அன்னிக்கு சார்" என்றாள். அந்த மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வயது பத்தவில்லை என்று பிறந்த வருஷத்தில் ஒன்றைக் குறைத்துப் போட்டார், அதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. தேதியில் மட்டும் கைவைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"எப்பேர்ப்பட்ட நாள் தெரியுமாம்மா? கோடியில ஒருத்தருக்குக் கெடைக்கும்" என்றார். கோடியில் ஒருத்தருக்கு என்பது என்ன கணக்கோ. நல்ல மனிதர். அவரிடம் போய் இடி விழுந்த கதையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஆகஸ்டில் என் மகளைக் கொடிமரத்துப் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பேசினார். இந்த நாளில்தான் நாடு விடுதலை அடைந்தது, இந்த நாளில்தான் ஜப்பான்காரன் தோல்வியை ஒத்துக்கொண்டான், புதுச்சேரி ஆசிரமத்து மகான் பிறந்தது இன்றைக்கு, பிரெஞ்சு தேசத்துச் சக்கரவர்த்தி ஒருவர் பிறந்தது இன்றைக்கு, மாதா கோயிலில் பெருவிழா இன்றைக்கு, நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் பிறந்தது இன்றைக்கு என்று மூச்சு விடாமல் அடுக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறந்தவர்களும் ஜெயித்தவர்களும்தான் அவர் வாயில் வந்தார்கள். அன்று செத்தவர்கள் யாரையும் அவர் சொல்லவில்லை. நான் மகளை வீட்டுப் பக்கம் விடாமல் அங்கிருந்தே இழுத்துக்கொண்டு பஸ் ஏறித் தாய்வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்கடுத்த வருஷம் அது நடக்கவில்லை. கொடியேற்றி முடிந்து நான் அவளைத் தேடுவதற்குள் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடிவிட்டாள். நான் மூச்சிரைக்கப் பின்கட்டுக்குப் போனபோது, புதுப் பாவாடையோடு சித்தியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கைக்குட்டையைத் தின்றுவிட்ட ஆட்டுக்குட்டி மாதிரி திருதிருவென்று விழித்தாள். நான் கூப்பிட வாய் எடுப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"சித்தி, நான் சித்தப்பாவ முழுங்கிட்டனா?"

ஓரகத்தி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"யாரு சொன்னது?"

"பசங்க எல்லாம் சொல்றாங்க. அதனாலதான் இன்னிக்கு மட்டும் என்னத் தொடமாட்றீங்களா?"

அந்த நாளில் ஒருமுறைகூடச் சுவரை விட்டுத் திரும்பாதவள் திரும்பினாள். அழுது வீங்கிய முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. என் மகளை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"நீ ஒண்ணும் பண்ணல. மழ வந்துச்சு. உங்கப்பா போவவேண்டியது. நீ பொறக்கறன்னு அவரு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு. அதனால உங்க சித்தப்பா போனாரு. இடி உழுந்துச்சு. அவ்ளோதான். எவனாவது முழுங்கிட்டன்னு சொன்னா, எங்க சித்தி இல்லன்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லு."

அத்தனை வருஷம் அந்த வீட்டில் யாரும் சொல்லாததை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். குரலில் கோபம் இல்லை. என் மகள் அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா போயிருந்தா அப்பாதான் செத்திருப்பாரா?"

"ஆமா."

"அப்ப நீங்க அழமாட்டீங்க."

"மாட்டேன். உங்கம்மா அழுதுக்கினு இருப்பா. நான் தண்ணி மொண்டு குடுத்துக்கினு இருப்பேன்."

"அப்ப அம்மா என்னத் தொடமாட்டாங்களா?"

ஓரகத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாசற்படியில் நான் நிற்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"அத உங்கம்மாவத்தான் கேக்கணும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்குக் காலையில வா, தலை வாரி உடறேன். இன்னிக்கு மட்டும் சித்தியால முடியல கண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் என்னிடம் வந்தாள். "அப்பா செத்திருந்தா என்னத் தொடுவியாம்மா?" என்றாள்.

பெற்ற பிள்ளையைத் தொடுவேன் என்று சொல்ல என்ன யோசனை? அடிபம்பில் எதற்கெடுத்தாலும் பதில் வைத்திருந்தவள் நான். ஆனால் அந்த நிமிஷம் என் கணவரை ஈரச் சட்டையோடு தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் கிடத்துவதும், பக்கத்தில் ஒரு பச்சைக் குழந்தை பாலுக்கு அழுவதும் என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தன. தொடுவேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடுமோ என்று தோன்றியது. என் மகள் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.