பெரிய இடத்துக்கு அர்த்தம்

அகராதி அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்தும் அந்தப் பெண்மணியை எல்லாரும் கமாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பதினொரு வருடமாகச் சிவப்புப் பேனாவும் கையுமாக, ஜன்னலோர மேசையில்தான் வாசம்.

ஒருநாள் ‘பெரிய இடம்’ என்ற சொல் அவர் கைக்கு வந்தது. ‘செல்வமும் நற்பண்பும் உடைய குடும்பம்’ என்று பொருள் போட்டிருந்தார்கள். கமாக்கா ‘நற்பண்பும்’ என்பதை ஒரே கோட்டில் அடித்தார்.

பதிப்பாசிரியர் தாளோடு வந்து நின்றார். “எழுத்துப் பிழை பாக்குறதுதாம்மா உங்க வேலை.”

“இதுவும் பிழைதாங்க ஐயா.”

“மரியாதையிலேருந்து பொறந்த வார்த்தைம்மா இது.”

“இல்லீங்க. பயத்திலேருந்து பொறந்தது.”

“அப்படீன்னா ஆதாரம் கொண்டு வாங்க.”

கமாக்காவுக்கு ஆதாரம் வீட்டிலேயே இருந்தது. அவருடைய அம்மா வீட்டுவேலை செய்தவர். வேலைக்குப் போன ஒரு வீட்டில் நாய் கடித்துக் கெண்டைக்கால் சதை பிய்ந்துபோனது. கட்டுப்போட்டவர், பக்கத்து வீட்டுக்காரி, புகார் எழுத மறுத்த போலீஸ்காரர், மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னது இதுதான்: “பெரிய இடம்மா, எதுக்கு வம்பு?” நாய்க்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்து வயது மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒரு வீட்டுக் கதை அகராதிக்குப் போதாது. பஸ்ஸில், மார்க்கெட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், அந்தச் சொல் காதில் விழுந்தபோதெல்லாம் கமாக்கா துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டார். மூன்று வாரத்தில் இருபத்து மூன்று சீட்டு. புகழ்ச்சியாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருமே கல்யாணத் தரகர்கள். மீதி அத்தனையும் எச்சரிக்கை.

பதிப்பாசிரியர் சீட்டுகளைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். “பக்கம் அப்படியே போகட்டும். கையெழுத்துப் போடுங்க.”

“போட மாட்டேங்க.”

கமாக்காவின் கையெழுத்து இல்லாமல் அச்சகம் பக்கத்தை வாங்காது. நான்கு நாள் பக்கம் மேசையிலேயே கிடந்தது. அச்சகத்திலிருந்து போன்மேல் போன். வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. விஷயம் தெரிந்ததும் அம்மா பதறிப்போனார்.

“உனக்கெதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? அவங்கல்லாம் பெரிய இடம்!”

கமாக்கா ஒரு சீட்டை எடுத்து, தேதி போட்டு, அதையும் எழுதினார்.

மறுநாள் அந்த இருபத்து நான்காவது சீட்டைப் பதிப்பாசிரியர் முன் வைத்தார். “இது எங்கம்மா உங்களப் பத்திச் சொன்னது.”

பதிப்பாசிரியர் அதை இரண்டு தடவை படித்தார். முகம் சுருங்கிப்போயிற்று. “நான் என்னம்மா பண்ணேன் அவங்களை?”

“ஒண்ணும் பண்ணலீங்க. அதுக்கே இந்தப் பயம்.”

அவர் பேனாவை எடுத்துத் தானே திருத்தினார். ‘செல்வமும் செல்வாக்கும் உடைய குடும்பம், எதிர்த்துக் கேட்க மற்றவர் அஞ்சும் இடம்’ என்று அச்சேறியது. கீழே எடுத்துக்காட்டாக, “பெரிய இடம், எதுக்கு வம்பு?”

அடுத்த தொகுதிக்குக் கமாக்காவைக் கூப்பிடவில்லை. மேலிருந்து உத்தரவு என்றார்கள். அவர் யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. வேறொரு பதிப்பகத்தில் சேர்ந்தார். முதல் நாளே, முதலாளி எழுதிய முன்னுரையில் ஏழு இடத்தில் சிவப்பு மை.