முத்துக்குமரன் ‘அப்பறம்’ என்ற சொல்லுக்குத் தடை போட்ட கதை

முத்துக்குமரனுக்கு எரிச்சல் மூட்டாத தமிழ்ச் சொல் இந்த மதுரையில் மிகக் குறைவு. திருநகரில் நானும் அவனும் சேர்ந்து பிளக்ஸ் பேனர் கடை நடத்துகிறோம். டிசைன் அவன், மிஷின் நான். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் வந்தவரோடு முதலில் ஒரு வார்த்தைத் தகராறு நடக்கும்.

“ப்ரோ, சும்மா நச்சுன்னு இருக்கணும்.”

“நச்சுன்னா எத்தனை அடிக்கு எத்தனை அடிண்ணே?”

“வேற லெவல்ல வேணும் ப்ரோ.”

“எந்த லெவல்லருந்து வேற?”

வந்தவர் என்னைப் பார்ப்பார். நான் பல்லைக் காட்டி, டீ சொல்லி, ஆளைக் குளிரவைக்க வேண்டும். ஒருமுறை காதுகுத்து வீட்டுக்காரர் ‘கெத்தா போடுங்க’ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, இவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு எதிர்க்கடைக்கே போய்விட்டார். நாசமாய்ப் போகிறவன்! ஆனால் எழுத்துப்பிழை இல்லாமல் பேனர் போட அவனை விட்டால் ஆளில்லை. அதனால் பொறுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்டவனுக்குச் சோழவந்தானில் பெண் அமைந்தது. பெயர் தாமரைச்செல்வி. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். அவள் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று இவன் ஒரு பேனரில் ‘மணமகள்’ என்பதை ‘மணமகிழ்’ என்று அடித்து வைத்திருந்தான். எழுத்துப்பிழையே செய்யாதவன்! ஆள் விழுந்துவிட்டான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நிச்சயமும் முடிந்தது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவள் போன் செய்வாள். ஐயா கையில் மவுஸ் இருக்கும், ஆகவே ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். என் காதுக்கு இலவசக் கச்சேரி.

“சாப்டீங்களா?”

“ம்.”

“என்ன சாப்பாடு?”

“புளிச்சோறு.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன, மோரு.”

“அப்பறம்?”

“கையக் கழுவுனேன்.”

“அப்பறம்?”

“துண்டுல தொடச்சேன்.”

“அப்பறம்?”

நான் மிஷினுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். அவனுக்கு மூக்கு விடைத்துவிட்டது. “இந்தா பாரு, இன்னொரு தடவ அப்பறம்னு சொன்னீனா எனக்குக் கெட்ட கோவம் வரும். அந்த வார்த்தையே இனிமே கூடாது!”

அவள் “சரிங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இவன் கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. கடைசியில் அவளுடைய அண்ணன் உக்கிரபாண்டிதான் கூப்பிட்டார். “மாப்ள, பத்திரிகை அடிக்க வேணாங்குது புள்ள. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. நீங்க ஒரு எட்டு நேர்ல வாங்க.”

பார்க்கணுமே அவன் முகத்தை! “டேய், கெடுத்துக்கிட்டேன்டா. இந்தப் புள்ள இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்டா” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வண்டியை எடுத்தேன். வழி நெடுகப் பின்னால் உட்கார்ந்து மன்னிப்புக்கு ஒத்திகை பார்த்தான்.

“தெரியாமச் சொல்லிட்டேன்னு ஆரம்பிக்கவா, கோவத்துல சொல்லிட்டேன்னு ஆரம்பிக்கவா?”

“கிறுக்குப் புடிச்சுப்போயிச் சொல்லிட்டேன்னு ஆரம்பி” என்றேன்.

சோழவந்தான் வீட்டுக் கூடத்தில் மொத்தக் குடும்பமும் இருந்தது. அவளுடைய அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். தாமரைச்செல்வி அடுப்படி வாசலில் சாய்ந்து நின்றாள். இவன் எழுந்து, ஒத்திகை பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டி முடித்தான். இவனுக்கு வேர்த்து ஊற்றியது.

“ஏதாச்சும் சொல்லு தாமரை.”

“என்னத்தச் சொல்ல? எனக்குத் தெரிஞ்ச ஒரு வார்த்தையையும் கூடாதுன்னுட்டீங்களே.”

“அந்த ஒரு வார்த்தைக்காகவா கல்யாணம் வேணாங்குற?”

“கடையில சாப்பாட்டுக்கு எம்புட்டு நேரம் விடுவாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? சோத்த அப்பிடியே வச்சுட்டு உங்களுக்குத்தான் போன் போடுவேன். நீ சாப்டியான்னு ஒருநாளு கேட்டிருக்கீங்களா? வச்சிரலாம்னா மனசு வராது. அதான் அப்பறம் அப்பறம்னு கெடந்தேன். ஆயுசுக்கும் நான் மட்டுந்தான் கேட்டுக்கிட்டே இருக்கணுமோன்னு பயமாப் போச்சு.”

ஊரார் வார்த்தையை எல்லாம் பிடித்து உலுக்குகிறவனுக்குக் கண் கலங்கிவிட்டது. படுபாவி, என் கண்ணையும் கலங்கவைத்துவிட்டான். “நீ... சாப்டியா?” என்றான்.

“ம்.”

“என்ன சாப்பாடு?”

“ரசஞ்சோறு.”

“தொட்டுக்க?”

“அப்பளம்.”

“சுட்டதா, பொரிச்சதா?”

“பொரிச்சது” என்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

உக்கிரபாண்டியும் குபீரென்று சிரித்துவிட்டார். அவளுடைய அப்பா தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். “பெறகென்ன மாப்ள, பத்திரிகைக்குக் குடுத்துருவமா?”

“செத்த இருங்கப்பா” என்றாள் தாமரைச்செல்வி. “அவரு இப்பத்தான கேக்கவே ஆரம்பிச்சிருக்காரு.”