ஒன்பதாவது கதவு

எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் இருப்பவள் எல்லோருக்கும் அக்கா. மேனேஜருக்கு மட்டும் மேடம். அதுவும் குறை சொல்லும்போது.

அறையில் ஒரு கிழட்டு சர்வர். முன்பு அதில் எட்டு புரோகிராம்கள், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாள் முழுக்க விழித்திருந்தன. பெட்டிக்கு மூச்சு முட்டியது. அக்கா எட்டையும் தூங்க வைத்துவிட்டு, புதிதாக ஒரு சின்னப் புரோகிராமை மட்டும் காவலுக்கு உட்கார வைத்தாள். புரோகிராமுக்கு ஒரு கதவு; எட்டுக் கதவுக்கும் அது ஒன்றுதான் காது. எந்தக் கதவு தட்டப்படுகிறதோ, அதற்குரிய புரோகிராமை எழுப்பி, வந்தவரை அதன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, மறுபடி காதைத் தீட்டிக்கொள்ளும். எழுந்தது வேலை முடிந்ததும் போய்ப் படுத்துவிடும்.

"இங்க ஒழுங்கா வேலை பாக்கறது அது ஒண்ணுதான்" என்பாள்.

மேனேஜருக்கு நம்பிக்கையில்லை. லேப் ரிப்போர்ட்டை மாடியிலிருந்தே டாக்டர் பார்க்க ஒன்பதாவது கதவு கேட்டார். "செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. வரலன்னா இந்தப் பெட்டி பழைய இரும்புக்கு, நீங்க டோக்கன் கவுன்ட்டருக்கு, மேடம்."

எந்தக் கதவுக்கு எந்தப் புரோகிராம் என்று காவலிடம் ஒரு பட்டியல் உண்டு; அக்கா திங்களன்றே அதில் ஒன்பதாவது வரியைச் சேர்த்துவிட்டாள். செவ்வாய் பதினொன்றுக்கு டாக்டர் மாடியில் பட்டனை அழுத்தினார். ஊஹும். பழைய எட்டும் சமர்த்தாகத் திறந்தன. அக்கா பட்டியலை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

"பதினொன்னே கால் வரைக்கும் பாப்பேன்" என்றார் மேனேஜர், கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் போன்.

"பாப்பா ஸ்கூல் வாசல்ல நிக்கறாளாம். இன்னிக்கு சீக்கிரம் விட்டுட்டாங்க. நீதானே கூட்டிட்டு வரணும்?"

"யாரு சொன்னா?"

"ஃப்ரிட்ஜ்ல இருக்கற லிஸ்ட்ல ஏழு மணிக்கே எழுதினேனே!"

"நான் அதை ஆறு மணிக்கே பாத்தாச்சு. எழுதிட்டா போதுமாங்க? எழுதியிருக்கேன், இன்னொரு தடவை பாருன்னு வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. காவலும் அப்படித்தான்: எழுந்ததும் பட்டியலை ஒருமுறை படிக்கும், மறுபடி படி என்று சொன்னால்தான் மறுபடி. திங்களன்று எழுதியவள் அதனிடம் சொல்லவில்லை.

"என்னங்க, நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துடுங்களேன்."

"இப்பதானே திட்டின?"

"அது எனக்கு."

போனை வைத்துவிட்டு, பட்டியலை மறுபடி படி என்று காவலுக்கு ஒரே ஒரு வரி தட்டினாள். அரை நிமிடத்தில் டாக்டர் மாடிப்படியில் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "வந்துடுச்சு, வந்துடுச்சு!"

"என்ன கோளாறு மேடம்?"

"ஒண்ணுமில்ல சார். அதுகிட்ட யாரும் சொல்லல."

இப்போது சர்வரின் நெற்றியில் ஒரு சீட்டு: 'எழுதினால் கூப்பிட்டுச் சொல்லவும்.' இதே சீட்டு ஃப்ரிட்ஜிலும் இருக்கிறதாம், இன்னும் பெரிய எழுத்தில்.